வெண்டைக்காய் நுனி

கமலக்காவைப் பத்திச் சொல்லணும்னா மொதல்ல என் வாயைப் பத்திச் சொல்லணும். அது சும்மா இருக்காது. எங்க வீட்டுக்காரர் நூர்தீன் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கார். நான் ஒரு தொடக்கப்பள்ளி ஆபீஸ்ல கிளார்க்கு. பகல் முழுக்கப் பிள்ளைங்களைப் பெத்தவங்ககிட்டப் பணிவாப் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்ததும் மிச்சம் இருக்குற கோவத்தை எல்லாம் போன்லதான் கொட்டுவேன். அப்படிக் கொட்டினதுலதான் இந்த வினை வந்துச்சு.

நாங்க இருக்குறது தேக்கா பக்கம், சிராங்கூன் ரோட்டுக்கு ரெண்டு தெரு உள்ள தள்ளி, ஒரு பழைய புளோக்குல ஒம்பதாம் மாடி. புளோக்குக்கு அடியில ஒரு சூப்பர்மார்க்கெட். அதுக்குப் பெரிய எழுத்துல பேரு இருக்கு, ஆனா யாரும் அதைச் சொல்றது இல்ல, எல்லாருக்கும் அது கீழ்க்கடை. எதிர்ல ரெண்டு கோண்டோ, காசுக்காரங்க இருக்குற அடுக்குமாடி, எழும்பிடுச்சு. முன்னாடி ஸ்குரூ ஆணி வித்த கடையில இப்ப எட்டு வெள்ளிக்குக் கோப்பி விக்கிறாங்க. இந்த நேரம் பாத்துக் கீழ்க்கடையோட குத்தகை மார்ச்சோட முடியுதுன்னு சேதி வந்துச்சு. அடுத்து எந்தக் கடை வரலாம்னு குடியிருக்குறவங்களையே கேட்டு முடிவு பண்ணப்போறாங்கன்னும் சொன்னாங்க. அவ்வளவுதான், பேட்டை வாட்ஸ்அப் குரூப் ரணகளம்.

மூணு கட்சி. கோண்டோக்காரங்களுக்குச் 'சீஸ் கடை' வேணும். அதாவது அந்த விலை கூடின கடை, ரொட்டியிலயே பதினாலு தினுசு, கண்ணாடி அலமாரிக்குள்ள சீஸ், பின்பக்கம் வைன். எங்க புளோக்குல பாதிப் பேருக்கு இருபத்திநாலு மணி நேரமும் தொறந்திருக்குற மலிவுக் கடை வேணும். ஞாயித்துக்கிழமை வர்ற வெளிநாட்டு ஊழியர்கள் அங்க பீர் வாங்கிட்டு வாய்ட் டெக்ல, அதான் புளோக்குக்கு அடியில இருக்குற பொதுத் தளத்துல, உக்காந்துடுவாங்கன்னு அதுக்கு ஒரு கூட்டம் எதிர்ப்பு. எங்க ஆளுங்களுக்கு ஹலால் கோழி வேணும், வைன் வாசம் வேணாம். மூணாவது கட்சி, இருக்குற கீழ்க்கடையே இருக்கட்டும்னு சொல்றவங்க. அது ரொம்பச் சின்னக் கட்சி. கமலக்கா அதுல இருந்தாங்கன்னு எனக்கு அப்பத் தெரியாது, ஏன்னா அவங்க எந்தக் குரூப்லயும் இல்ல.

ஒரு நாள் கோண்டோவுலேர்ந்து அகிலன்னு ஒரு தம்பி எழுதினான். பேங்க்ல வேலை, நல்ல பையன்தான், நம்ம தமிழ்ப் பையன்தான். கீழ்க்கடையில காய்கறிய எல்லாரும் கையால ஒடிச்சு ஒடிச்சுப் போடறாங்க, அதனால காய் எல்லாம் பாக்கெட் போட்டு விக்கிற கடைதான் நமக்குச் சரி, அப்படின்னு. எனக்குச் சுருக்குனு குத்திடுச்சு. வெண்டைக்காய் நுனிய ஒடிச்சுப் பாத்து வாங்குறது நம்ம பழக்கம். படக்குனு ஒடிஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல். நானும் ஒண்ணு ரெண்டு ஒடிக்கிறவதான். ஆனா அந்த மாசம் கீழ்க்கடையில நெசமாவே தட்டு முழுக்க நுனி இல்லாத வெண்டைக்காயாக் கெடந்துச்சு. பாக்கவே அசிங்கமா இருந்துச்சு.

சீனவங்க, மலாய்க்காரங்க, வெள்ளைக்காரங்க எல்லாம் படிக்கிற குரூப்ல நம்ம மானம் போகுதேன்னு எனக்கு ஆத்திரம். உடனே தட்டினேன். "எல்லாரும் இல்ல, எவனோ ஒருத்தன் பண்ற வேலை. அறிவு கெட்டவன். கையில போன் இருக்குறவங்க யாராவது படம் புடிச்சு இங்க போடுங்க, யாருன்னு பாப்போம்." இங்கிலீஷ்லயும் அதையே போட்டேன். நாப்பத்தோரு பேர் கட்டை விரலைத் தூக்கினாங்க. நான் அதைத் தொறந்து தொறந்து பாத்துக்கிட்டேன், வெக்கமில்லாம.

ரெண்டு நாள் கழிச்சு அகிலனே ஒரு வீடியோ போட்டான். பின்னாலேர்ந்து எடுத்தது. தொளதொளன்னு டீ சட்டை, தலையில தொப்பி, குனிஞ்ச முதுகு. ஒரு வயசானவர் வெண்டைக்காயை ஒண்ணு ஒண்ணா எடுத்து ஒடிச்சு, நுனிய டீ சட்டைப் பையில போட்டுக்கிட்டு, காயைத் திரும்பத் தட்டுலயே வைக்கிறார். முப்பது காயாவது இருக்கும். வீடியோவுக்குக் கீழ சண்டை நாறுச்சு. "இது திருட்டுக்குச் சமம்", "அடுத்த தடவை போலீசுக்குச் சொல்லுங்க", "யாருப்பா இந்த அங்கிள்".

எனக்கு ஒரே சந்தோஷம், ஆளு மாட்டினான்னு. லிஃப்ட்டு வாசல்ல கமலக்காவைப் பாத்தப்ப போனை நீட்டினேன். "பாத்தீங்களாக்கா இந்தக் கெழவன் பண்ற கூத்தை."

அவங்க முழுசாப் பாத்தாங்க. முடிஞ்சதும் ரெண்டு கையாலயும் போனைத் திருப்பிக் குடுத்தாங்க.

"கண்ணாடி போடலம்மா. சரியாத் தெரியல" அப்படின்னாங்க.

கண்ணாடி அவங்க மூக்கு மேலதான் இருந்துச்சு. எனக்கு அது மறுநாள்தான் ஒறச்சுது.

கமலக்கா எங்க பக்கத்து வீடு. அறுபத்தெட்டு வயசு. செம்பவாங்ல, கப்பல் பட்டறை ஊழியருங்க குடியிருப்புல பொறந்து வளந்தவங்க. பதினேழு வயசுல ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில சேந்து, அதே மாதிரி நாலு ஃபேக்டரி மாறி, இருபத்தாறு வருஷம் ஈயம் பத்தவைக்கிற சால்டரிங் இரும்பும் கையுமா இருந்தவங்க. அந்த மொத ஃபேக்டரியில ஒரு நாள் ஏதோ சாமான் பெட்டி காணாமப் போயிருக்கு. கேட்டுல இவங்க பையைக் கொட்டித் தேடியிருக்காங்க. ஒண்ணும் இல்ல. ஆனாலும் அரை மணி நேரம் எல்லாரும் வீட்டுக்குப் போறப்ப ஓரமா நிக்க வச்சிருக்காங்க. எதை வேணா மறப்பாங்க, அதை மறக்க மாட்டாங்க. அன்னிலேர்ந்து எந்தக் கடையில எது வாங்கினாலும் ரசீதைக் கையிலயே புடிச்சுக்கிட்டுத்தான் வெளியில வருவாங்க. ஒரு கட்டு கொத்தமல்லியா இருந்தாலும் சரி. வாசல்ல நிக்கிற காவலாளி கேக்காமலே அவன்கிட்ட நீட்டிக் காட்டுவாங்க. போலீஸ்னு வாயால சொல்லக்கூட பயம், பழைய ஆளுங்க மாதிரி 'மாத்தா'ன்னு மெதுவாச் சொல்லுவாங்க. கடையில சும்மா நிக்க வச்சிருக்குற அட்டைப் போலீஸ்காரர் பக்கத்துல கூட வேகமா நடப்பாங்க. நான் இதுக்கெல்லாம் அவங்களை எவ்வளவோ கிண்டல் பண்ணியிருக்கேன்.

அவங்க வீட்டுக்காரர் நடேசன் அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். எப்பப் பாத்தாலும் சட்டையை இன் பண்ணி, தலையைப் படிய வாரி இருப்பார். எனக்குத் தெரிஞ்ச அண்ணன் அவர். அந்த டீ சட்டை ஆளை நான் அவரோட சேத்து நெனைக்கவே இல்ல. கொஞ்ச நாளா அவர் என்னை ஆயிஷான்னு கூப்புட்டுக்கிட்டு இருந்தார், அது எங்க மாமியார் பேரு. வயசாச்சுன்னு விட்டுட்டேன்.

வீடியோ வந்த மறுநாளிலேர்ந்து அவங்க வீட்டுக் கதவு சாத்தியே இருந்துச்சு. எங்க மாடியில பகல்ல யாரும் கதவு சாத்த மாட்டாங்க, இரும்புக் கேட்டு மட்டும்தான் பூட்டியிருக்கும். இப்ப கேட்டுல புதுப் பூட்டு வேற தொங்குது. ரேடியோவைச் சத்தமா வச்சிருந்தாங்க. அந்தச் சத்தத்துக்கு உள்ளேர்ந்து இன்னொரு சத்தம். டொக் டொக்னு கதவைத் தட்டுற சத்தம். "கமலம், கதவைத் தொற. கடைக்குப் போகணும்."

மூணாம் நாள் எனக்குப் பொறுக்கல. போய் மணி அடிச்சேன். ரொம்ப நேரம் கழிச்சுக் கதவு ஒரு சாண் தொறந்துச்சு. கமலக்கா என் முதுகுக்குப் பின்னாடி காரிடாரை ரெண்டு பக்கமும் பாத்தாங்க.

"யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாருக்கா வரப்போறா? நான்தான்."

உள்ள போனேன். சாப்பாட்டு மேசை மேல பேப்பரை விரிச்சு ரெண்டு கிலோ வெண்டைக்காய் கொட்டியிருந்துச்சு. நடேசன் அண்ணன் அதுக்கு முன்னாடி உக்காந்து ஒண்ணை எடுத்து ஒடிச்சார். நுனிய டீ சட்டைப் பையில போட்டார். அதே டீ சட்டை. இன்னொண்ணை எடுத்தார், ஒடிக்காமக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தார்.

"இது கடை இல்லியே" அப்படின்னார்.

அப்படியே நாற்காலியில உக்காந்தேன். ஒரு மாசமா எங்க வீட்டுக்கு வந்த மோர்க்குழம்பு, பொரியல், வதக்கல் எல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. நடேசன் அண்ணன் ஒடிச்சு வச்சதை எல்லாம் கமலக்கா தெனமும் பின்னாலயே போய்க் காசு குடுத்து வாங்கிட்டு வந்திருக்காங்க. வாங்க முடியாம மிஞ்சினதுதான் தட்டுல கெடந்தது. அவ்வளவு வெண்டைக்காயை ரெண்டு பேர் எப்படித் திங்கிறது? எனக்கும் குடுத்தாங்க. நான் சப்புக் கொட்டித் தின்னுட்டு, போன்ல அறிவு கெட்டவன்னு எழுதினேன்.

கமலக்கா சமையலறையில நின்னு மெதுவாத்தான் சொன்னாங்க.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன் ருக்ஸானா. கல்யாணம் ஆன புதுசுல முத்தலா வாங்கிட்டு வந்துட்டாரு. நுனிய ஒடிச்சுப் பாத்து வாங்கத் தெரியாதா, என்ன மனுசன்னு திட்டினேன். நாப்பத்திமூணு வருசம் ஆச்சு. என் பேரே சில நாள் வர மாட்டேங்குது, அது மட்டும் நிக்குது."

டாக்டர் முதுமை மறதி நோய்னு எழுதிக் குடுத்து ஒரு வருஷம் ஆகுது. அந்தக் கடுதாசியை யாருக்கும் காட்டல. பொங்கோல்ல இருக்குற மகன் அர்ஜுனுக்குப் பாதிதான் தெரியும். போன வருஷம் நடேசன் அண்ணன் பஸ் ஏறி புக்கிட் பாஞ்சாங் வரைக்கும் போய், இது என் ஷிஃப்ட்டு, எந்திரின்னு டிரைவரை சீட்டுலேர்ந்து எழுப்பியிருக்கார். அப்பவே அர்ஜுன், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா முதியோர் ஹோம்ல சேத்துடலாம்மான்னு சொல்லிட்டான். அவன் மேல தப்பு இல்ல, அவனுக்கும் பயம்.

அதுக்கப்புறம் மிச்சம் இருந்தது கீழ்க்கடை ஒண்ணுதான். லிஃப்ட்டு, பதினஞ்சு அடி, கடை. அதுக்கு மட்டும் அவருக்கு வழி தெரியும். கல்லாவுல சியூ லான்னு ஒரு சீன அம்மா பதினேழு வருஷமா உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு மட்டும் விஷயம் தெரியும். பத்து நிமிஷம் ஒடிக்க விடுவாங்க, அப்புறம் "அங்கிள், வைஃப் கூப்புடறாங்க லா"ன்னு வெளியில விட்டு, லிஃப்ட்டுப் பக்கம் திருப்பி நிறுத்துவாங்க. அதுதான் அவரோட ஒரு நாள்.

"அந்தக் கடை போயிடுச்சுன்னா இவரைப் பூட்டித்தான் வைக்கணும்" அப்படின்னாங்க கமலக்கா. "பூட்டி வச்சா அடிச்சுக்கிறாரு. அர்ஜுன் பாத்தான்னா அனுப்பிடுவான். இப்ப படமும் வந்துடுச்சு. மாத்தா வருவாங்களா ருக்ஸானா?"

வர மாட்டாங்கன்னு சொன்னேன். படம் போடச் சொன்னதே நான்தான்னு சொல்லல. பயம்தான், வேற என்ன. கிளம்பறப்ப ஒரு சாவியை என் கையில வச்சாங்க. தீ கீ புடிச்சா நீ வந்து தொறன்னு.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாய்ட் டெக்ல கூட்டம். எந்தக் கடை வேணும்னு பேசிட்டு கை தூக்கி ஒரு கணக்கு எடுக்கறதா ஏற்பாடு. நான் கீழ்க்கடைக்காகப் பேசறேன்னு கமலக்காகிட்டச் சொல்லியிருந்தேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அவரைப் பத்தி மட்டும் வாயைத் தொறக்காத." கை தூக்க ஆள் வேணுமேன்னு அவங்களும் வர்றதா இருந்துச்சு. அண்ணனைத் தூங்க வச்சுட்டு, பூட்டிட்டு, நாலரைக்கே போய் முன் வரிசையில உக்காந்துட்டாங்க.

நான் அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திட்டு வெளிய வர்றேன், டொக் டொக். "கமலம். கமலம்." நான் லிஃப்ட்டு வரைக்கும் போயிட்டேன். அங்கயும் கேட்டுச்சு. "கமலம், கடை சாத்திடுவான்." கைப்பையில அக்கா குடுத்த சாவி. அல்லா மேல சத்தியமா, நல்லது பண்றேன்னு நெனச்சுத்தான் தொறந்தேன். இத்தனை நாளா வெளிச்சமே பாக்காத மனுஷன். கீழ சியூ லான் இருப்பாங்க, பாத்துக்குவாங்க, பத்து நிமிஷத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. எல்லாம் கணக்குப் போட்டேன். கூடவே லிஃப்ட்டுல எறங்கி, அவர் கடைக்குள்ள போற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்துல நூறு பேருக்கு மேல. குடியிருப்போர் குழுத் தலைவர் மைக்கைத் தட்டித் தட்டிப் பாத்தார். கோண்டோவுலேர்ந்து ஒரு அம்மா, பிள்ளைக்கு அலர்ஜி, அந்தச் சாமான் எல்லாம் சீஸ் கடையிலதான் கெடைக்கும்னாங்க. நாலாம் மாடி தாத்தா ஒருத்தர் எழுந்து, அரிசிக்கும் வெங்காயத்துக்கும் நான் எங்க போறதுன்னார். ஹலால் அலமாரி தனியா இருக்குமான்னு எங்க ஆளுங்க கேட்டாங்க. மலிவுக் கடை வந்தா பீர் கும்பல் வரும்னு ஒருத்தர், எங்க மாமனும் அந்தக் கும்பல்ல ஒருத்தராத்தான் இந்த ஊருக்கு வந்தார்னு இன்னொருத்தர். அகிலன் சுத்தத்தைப் பத்திப் பேசினான். பேசிட்டு, பெரிய டிவியில அந்த வீடியோவைப் போட்டான். கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. முன் வரிசையில கமலக்கா கைப்பை வாரைச் சுத்திச் சுத்தி விரல்ல கட்டிக்கிட்டு இருந்தாங்க.

அப்பத் தலைவர், கீழ்க்கடை ஊழியர் ஒருத்தர் பேசணும்கிறாங்கன்னார். மூணாவது வரிசையிலேர்ந்து ஒரு அம்மா எழுந்தாங்க. கடைச் சட்டையைக் கழட்டிட்டு நல்ல பூப்போட்ட சட்டையில வந்திருந்தாங்க, அதனால எனக்கு ஒரு நிமிஷம் புரியல.

சியூ லான்.

சியூ லான் இங்க இருந்தா, அங்க கல்லாவுல யாரு? எழுந்து ஓடினேன், ஒரு செருப்பு அங்கயே போச்சு. கடைக்குள்ள புதுசா ஒரு பார்ட் டைம் பொண்ணு. காய்கறித் தட்டுக்கிட்ட யாரும் இல்ல. தரையில ரெண்டு மூணு பச்சை நுனி கெடந்துச்சு. அந்தப் பொண்ணு பின்வாசலைக் காட்டுச்சு. "ஒரு அங்கிளா? ரொம்ப நேரமாச்சு. ஒடிக்காதீங்கன்னு சொன்னேன், பயந்துட்டாரு, அந்தப் பக்கம் போயிட்டாரு."

அந்தப் பக்கம் பெரிய ரோடு. சனிக்கிழமை தேக்கா. பஸ்ஸு, லாரி, மனுஷத் தலை. அதுக்கு அந்தாண்ட பெரிய கால்வாய்.

திரும்பி வந்து கமலக்கா காதுல சொன்னேன். என்ன சொன்னேன்னு எனக்கே தெரியாது. அவங்க என் மூஞ்சியப் பாத்தாங்க. எழுந்து நேரா மைக்குகிட்டப் போனாங்க. சியூ லான் இன்னும் பேசிக்கிட்டு இருந்தாங்க, அவங்க கையிலேர்ந்து மைக்கை வாங்கினாங்க. பேங்க்ல ஒரு ஃபாரம் நிரப்பக்கூட என்னைக் கூட்டிட்டுப் போற கமலக்கா.

"அந்த வெண்டைக்காய் ஒடிக்கிறவரு என் வீட்டுக்காரரு" அப்படின்னாங்க. மைக்கு கொய்ங்னு கத்துச்சு. அவங்க நிறுத்தல. "அவருக்கு மறதி நோய். பேரு நடேசன். அவரைக் காணோம். தயவு செஞ்சு தேடுங்க." அப்புறம் அதையே அவங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, அப்புறம் மலாய்ல. மூணு பாஷையிலயும் சொல்லி முடிச்சுட்டுத்தான் அழுதாங்க.

நாற்காலி எல்லாம் ஒரே நேரத்துல நகந்துச்சு. சீஸ் கட்சி, மலிவுக் கட்சி, எல்லாம் கலைஞ்சு ரோட்டுக்கு எறங்கிடுச்சு. அகிலன் கமலக்கா போன்லேர்ந்து அண்ணன் படத்தை வாங்கிக் குரூப்ல போட்டான், கையோட அந்த வீடியோவை அழிச்சான். நானும் கமலக்காவும் கால்வாய் ஓரமாப் போனோம். நான் தண்ணியப் பாக்காம கம்பியையே பாத்துக்கிட்டு நடந்தேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா ரெண்டு பேரும் நின்னுடுவோம். அது எங்கயோ போயிடும், திரும்ப நடப்போம். எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் வாசல்ல பாத்தோம், கோயில் வாசல்ல பாத்தோம், கோப்பிக் கடை கடையாப் பாத்தோம். வழியில நான் சொல்லிட்டேன், பூட்டைத் தொறந்தது நான், படம் போடச் சொன்னதும் நான்னு. அவங்க காதுல விழுந்துச்சான்னு தெரியல. உதடு மட்டும் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

ஒரு மணி நேரம் கழிச்சு அகிலன் போன் பண்ணான். அடுத்த ரோட்டு மால், பேஸ்மெண்ட். சீஸ் கடையோட இன்னொரு கிளை அங்க இருக்கு.

போனா, காய்கறிப் பக்கத்துல ஒரு முக்காலி போட்டு நடேசன் அண்ணனை உக்கார வச்சிருந்தாங்க. ஒரு காவலாளி தோள் மேல கை வச்சு நின்னார். சுத்தி பதினோரு பிளாஸ்டிக் பாக்கெட் கிழிஞ்சு கெடக்குது. அவருக்கு முன்னாடி குந்தி உக்காந்து ரெண்டு போலீஸ்காரங்க. அட்டை இல்ல, நெசம்.

கமலக்கா ஒரு செகண்ட் நின்னாங்க. அப்புறம் அவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? நேரா கல்லாவுக்குப் போனாங்க. பதினோரு பாக்கெட்டுக்கும் காசு கட்டினாங்க. ரசீதை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வந்து, போலீஸ்காரங்க முன்னாடி நீட்டினாங்க. "காசு கட்டிட்டேன் சார். எல்லாத்துக்கும் கட்டிட்டேன்." அதுல ஒரு பொண்ணு, சின்ன வயசுதான், எழுந்து, அம்மா நாங்க புடிச்சுட்டுப் போக வரல, வீட்டுக்குக் கொண்டு போய் விடத்தான் வந்தோம்னு மலாய்ல சொன்னா. கமலக்கா ரசீதை இறக்கவே இல்ல, அந்தப் பொண்ணே மெதுவா வாங்கிப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தா.

நடேசன் அண்ணன் தலையத் தூக்கி கமலக்காவைப் பாத்தார். முன்ன பின்ன தெரியாதவங்களைப் பாக்குற மாதிரி.

"இங்க எல்லாம் பெட்டிக்குள்ள வச்சிருக்கான்மா" அப்படின்னார். "ஒடிச்சுப் பாக்காம எப்படி வாங்குறது? முத்தலா வாங்கிட்டுப் போனா என் வீட்டுக்காரி திட்டுவா."

"திட்ட மாட்டா. வாங்க" அப்படின்னாங்க கமலக்கா.

மறு வாரம் போன்லயே ஓட்டுப் போட்டாங்க. சீஸ் கடைதான் ஜெயிச்சுது. எங்க புளோக்குலயே நெறையப் பேர் அதுக்குத்தான் போட்டாங்க, குறை சொல்ல முடியாது, அவங்கவங்களுக்கு அவங்கவங்க தேவை. சியூ லானுக்குப் பாசிர் ரிஸ் பக்கம் வேலை மாத்திட்டாங்க. நான் குரூப்ல எழுதினேன், அறிவு கெட்டவன்னு சொன்னது தப்பு, அறிவு கெட்டது நான்னு. இந்தத் தடவை விரல் தூக்கினது எத்தனை பேர்னு பாக்கல. சாவியைத் திருப்பிக் குடுக்கப் போனேன். கமலக்கா வாங்கல. "உன்கிட்டயே இருக்கட்டும். இனிமே என்னைக் கேட்டுட்டுத் தொற" அப்படின்னாங்க. அர்ஜுன் மூணு மாசம் டைம் குடுத்திருக்கான். அதுக்குள்ள இன்னொரு தடவை காணாமப் போனா ஹோம்தான். கமலக்கா காலண்டர்ல ஒவ்வொரு நாளா அடிச்சுக்கிட்டு இருக்காங்க.

கீழ்க்கடை இருந்த எடத்துல புதுக் கடை தொறந்து ரெண்டாவது நாள், நாங்க மூணு பேரும் எறங்கினோம். கண்ணைக் கூசுற வெளிச்சம். கல்லாவுல ஆளே இல்ல, எல்லாம் மெஷின். நாலு பக்கமும் கேமரா. வெண்டைக்காய் எட்டு எட்டா பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள படுத்திருந்துச்சு. நடேசன் அண்ணன் மூடி மேல விரலால அழுத்தினார். இன்னொண்ணை அழுத்தினார். மூச்சு வேகமாச்சு. எனக்குப் பயம் வந்துடுச்சு, வாங்கக்கா போயிடலாம்னேன்.

கமலக்கா நாலு பெட்டியை எடுத்துக்கிட்டு மெஷின்கிட்டப் போனாங்க. காசு கட்டினாங்க. ரசீது வந்துச்சு. வாசலுக்குப் போகல, திரும்பக் காய்கறிப் பக்கத்துக்கே வந்தாங்க. நாலு பெட்டியையும் கிழிச்சுக் கூடையில கொட்டி, அண்ணன் முன்னாடி வச்சாங்க. "பாத்து எடுங்க." அண்ணன் ஒண்ணை எடுத்து ஒடிச்சார். படக். நுனிய டீ சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.

நேர் மேல ஒரு கேமரா, சிவப்பு லைட்டோட. கமலக்கா ரசீதை விரிச்சு, தலைக்கு மேல தூக்கி, அதுக்கு நேராப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. அந்தக் கோடியில சிப்பந்தி ஒருத்தர் எங்களைப் பாத்துட்டு நடந்து வர ஆரம்பிச்சார். கமலக்கா கண்ணை மூடிக்கிட்டாங்க, கையை இறக்கல. காகிதம் ரொம்ப ஆடுச்சு. இப்படி ஆடினா கேமராவுல எழுத்து தெரியாதேன்னு நான் போய் இன்னொரு முனையைப் புடிச்சுக்கிட்டேன்.